செத்த கைப்பிடியில் ஒரு துண்டு

ஆம்பூரைத் தாண்டி மாதனூர் பக்கமாக நெடுஞ்சாலையோரம் நடந்துகொண்டிருந்தேன். வலது கண் வீங்கி மூடியிருந்தது. மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவில் ஏதோ உள்ளிருந்து குத்தியது. ஒரு காலில் கம்பூட்ஸ் இருந்தது, இன்னொரு காலில் ஒன்றுமில்லை. ஒற்றை பூட்ஸோடு நடப்பது வெறுங்காலைவிடக் கஷ்டம் என்பது கொஞ்ச தூரம் போன பிறகுதான் தெரிந்தது. அதையும் கழற்றிப் பள்ளத்தில் எறிந்தேன்.

வேலை விடும் நேரம். ஷூ கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்தன. ஒரு பஸ் வேகத்தடையில் மெதுவானபோது ஜன்னலோரம் இருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவளிடம், "குடிச்சிட்டு எங்கனா உழுந்திருக்கும்" என்றாள். அந்த முகத்தைப் பார்த்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

வேலையை விட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவன். ஓசூரில் கல் உடைத்திருக்கிறேன், திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்திருக்கிறேன், நடுவில் கொஞ்ச காலம் திருப்பத்தூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் பெருக்கித் துடைத்துக்கொண்டே கம்ப்யூட்டரைக் கழற்றவும் மாட்டவும் கற்றுக்கொண்டேன். எந்த இடத்திலும் நிலைத்ததில்லை. ஆனால் அன்றைக்கு முன்னால் யாரும் என்னை அடித்துத் துரத்தியதில்லை.

நான் வேலை பார்த்தது தோல் பதனிடும் ஒரு டேனரியில். அங்கே எல்லோரும் அதை ஷாப் என்பார்கள். உப்புப் போட்ட ஆட்டுத் தோல் லாரியில் வரும். சுண்ணாம்பிலும் சல்பைடிலும் ஊறி முடி உதிரும். அதற்குத்தான் டிரம். ஒரு சின்ன வீட்டின் அளவுக்கு மரப் பீப்பாய் ஒன்று படுத்த வாக்கில் கிடக்கும். உள்ளே சுற்றிலும் முழங்கை நீளத்துக்கு மர முளைகள். தோலையும் தண்ணீரையும் மருந்தையும் போட்டு மூடி, மோட்டாரில் சுற்றவிடுவார்கள். சில சமயம் தோல்கள் கயிறு மாதிரி முறுக்கிப் பின்னிக்கொள்ளும். அப்போது ஓர் ஆள் வாய் வழியாக உள்ளே இறங்கி, முளைகளுக்கு நடுவே நின்று, பிடுங்கிப் பிடுங்கி வெளியே தள்ள வேண்டும்.

உள்ளே இறங்குகிறவன் செய்வது ஒன்று உண்டு. சுவரில் இரும்புப் பெட்டியும் அதில் ஒரு பெரிய கைப்பிடியும் இருக்கும். கைப்பிடியைக் கீழே இழுத்தால் டிரம்முக்குக் கரண்ட் போய்விடும். இழுத்துவிட்டு அதன்மேல் தன் துண்டைப் போட்டுவிட்டு இறங்குவான். எந்தத் துண்டு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்தவன் துண்டை யாரும் தொடமாட்டார்கள். முதலாளி வந்தாலும் தொடமாட்டார். போட்டவன் வெளியே வந்து அவனே எடுக்க வேண்டும்.

நான் சேர்ந்து சில மாதங்களில் டிரம்களுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொரு டிரம்முக்கும் பக்கத்தில் தொடுதிரையோடு ஒரு பெட்டி. எவ்வளவு நேரம் சுற்ற வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். மோட்டாருக்குப் போகும் ஒயரைப் பெட்டி வழியாகக் கொண்டுபோய்விட்டார்கள். பழைய கைப்பிடி செத்துப்போனது. மேலே தள்ளினாலும் கீழே இழுத்தாலும் ஒன்றும் ஆகாது. எலெக்ட்ரீஷியன் எல்லோரையும் கூப்பிட்டு அதைச் சொன்னான், எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் இரும்புப் பெட்டி சுவரிலேயே இருந்தது. இறங்குகிறவர்கள் திரையில் ஸ்டாப்பை அழுத்திவிட்டு, கைப்பிடியையும் இழுத்து, அதன்மேல் துண்டைப் போட்டார்கள். துண்டை வேறு எங்கே போடுவது என்று யாரும் சொல்லவில்லை.

எனக்குக் கீபோர்டு தெரியும் என்பதால் லோடு தூக்குவதிலிருந்து எடுத்துக் கண்ணாடி ரூமில் உட்கார வைத்தார்கள். எல்லாப் பெட்டிகளும் ஒரே நெட்வொர்க். என் ரூமிலிருந்தோ சென்னையில் இருக்கும் இன்ஜினியரின் வீட்டிலிருந்தோ எந்தப் பெட்டியிலும் ஒரு புரோகிராமை ஓடவைக்கலாம். இன்ஜினியரை நாங்கள் ஒரே முறைதான் நேரில் பார்த்தோம். ஊருக்குப் போன பிறகு அங்கே இருந்துகொண்டே எல்லா டிரம் திரைகளிலும் நாக்கை நீட்டிய ஆட்டுப் படம் ஒன்றைத் திறந்து காட்டினார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். டிரம் ஆட்களை மேய்க்கும் மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. "யாரும் தொடல, அதுவா தொறந்துக்குது. பேய் புடிச்ச மாதிரி கீது" என்றார்.

தொடக்கத்தில் அந்தப் பெட்டிகள் ஒரு கேள்வி கேட்கும். ஏதாவது புரோகிராம் பெரிய மாற்றம் செய்யப் போனால் திரை மங்கி, இதை அனுமதிக்கிறாயா என்று நடுவில் ஒரு கட்டம் வரும். ஆமாம் என்று அழுத்தினால்தான் மேலே போகும். நாங்கள் போட்டிருப்பது முழங்கை வரை ரப்பர் கிளவுஸ், அதன்மேல் சுண்ணாம்புச் சேறு. அந்த விரலை அந்தத் திரை விரலாகவே மதிக்காது. கிளவுஸைக் கழற்றினால் கை வெந்துபோகும். டிரம் நிற்கும், தோல் வீணாகும், மேஸ்திரிக்குத் திட்டு விழும். ஒருநாள் அவர் திரையைக் குத்தியே விட்டார், மூலையில் விரிசல். நாங்கள் எல்லோரும் போய் மேனேஜரிடம் அந்தக் கேள்வியை எடுத்துவிடச் சொன்னோம். சென்னையிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

ஆளுக்கு ஒரு பாஸ்வேர்டு என்று இருந்ததும் அதோடு போனது. டிரம்காரனுக்கு ஓட்டவும் நிறுத்தவும் மட்டும், இன்ஜினியருக்கு எல்லாம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. கடைசியில் எல்லாப் பெட்டிக்கும், என் கம்ப்யூட்டருக்கும், இன்ஜினியருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. எதையும் செய்யலாம். லாட் நம்பர் எழுதும் தூணிலேயே அதைச் சாக்பீஸால் எழுதி வைத்தோம். "இன்னிலேருந்து எல்லாரும் மொதலாளிதான்" என்றார் மேஸ்திரி. அன்று அவர் சிரித்தார்.

அன்றைக்கு முற்பகல். மூன்றாவது டிரம்மில் தோல் பின்னிக்கொண்டது. இறங்கப் போனது மேஸ்திரியின் மச்சான், அவர் மனைவியின் தம்பி. சிவப்புத் துண்டுக்காரன். என் வயதுதான் இருக்கும். என்னைக் கலெக்டர் என்றுதான் கூப்பிடுவான். கண்ணாடியைத் தட்டி, "இன்னா கலெக்டரே, ஃபேன் காத்து ஜாஸ்தியா வருதா?" என்றான். உள்ளே வந்து பார் என்று சைகை காட்டினேன். கிளவுஸ் மாட்டுமுன் திரையில் ஸ்டாப்பை அழுத்தினான், கைப்பிடியை இழுத்தான், துண்டைப் போட்டான், டிரம் வாய்க்குள் தலையை விட்டு இறங்கினான்.

அதற்குக் கொஞ்சம் முன்னால் இன்ஜினியர் மேனேஜருக்குப் போன் செய்திருக்கிறார். பெட்டிகளில் நேரம் தப்பாகக் காட்டுகிறது, எல்லாவற்றிலும் ஒரு சின்ன புரோகிராம் ஓடவிட வேண்டும் என்று. மேனேஜர் சரி என்றிருக்கிறார். எழுந்து வந்து வெளியே பார்க்கவில்லை. எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

என் திரையில் ஒரு கறுப்பு ஜன்னல் திறந்து மூடியது. அந்தப் புரோகிராம் போய்ச் சேர்ந்த பெட்டிகளிலும் அதே நேரத்தில் அதுவே நடந்தது. அந்தச் சின்ன புரோகிராம் டிரம் ஓட்டும் புரோகிராமை மூடி, நேரத்தைச் சரிசெய்து, மறுபடி திறந்தது. திறந்ததும் டிரம் புரோகிராம் தான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஓடிக்கொண்டிருந்த டிரம்கள் ஓடின. மூன்றாவது டிரம்முக்கு இன்னும் சுற்ற வேண்டியது பாக்கி இருந்தது, அதுவும் சுற்றியது. கேட்டிருக்க வேண்டிய கேள்வியைப் பெட்டி கேட்கவில்லை, நாங்கள்தான் எடுக்கச் சொல்லியிருந்தோமே.

முதலில் நான் பார்த்தது துண்டை. சிவப்புத் துண்டு கைப்பிடியில் அசையாமல் தொங்கியது. அதற்குப் பின்னால் டிரம் சுற்றியது. இரண்டும் சேர்ந்து இருக்கக் கூடாது என்று உடம்புக்குத் தெரிந்தது, புத்திக்கு உறைக்க நேரமானது. உள்ளேயிருந்து சத்தம் கேட்கவில்லை. ஷாப்பில் எப்போதும் இருக்கும் இரைச்சலில் எதுவும் கேட்காது.

மேஸ்திரி ஓடிவந்து கைப்பிடியில் தொங்கினார். செத்த கைப்பிடி என்று அவருக்கும் தெரியும். இருந்தும் இழுத்தார், மேலே தள்ளி மறுபடி இழுத்தார். பிறகு திரையில் ஸ்டாப்பை அழுத்தினார். கிளவுஸ். திரை கேட்கவில்லை. நான் என் ரூமில் ஸ்டாப் கொடுத்தேன், மணல் கடிகாரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிளக்கைப் பிடுங்கினேன், என் கம்ப்யூட்டர்தான் அணைந்தது. லோடுகாரன் ஒருவன் தோல் தொங்கவிடும் மரக் கட்டையை எடுத்து டிரம்முக்கும் தரைக்கும் நடுவே செருகினான். டிரம் அதைத் திருப்பி அவன் வாயிலேயே அடித்தது. பற்கள் தரையில் விழுந்தன. மேஸ்திரி இரும்புக் கொக்கியை எடுத்துப் பெட்டியை அடிக்க ஆரம்பித்தார். திரை நொறுங்கியது, பெட்டி கழன்று தொங்கியது, நெருப்புப் பொறி பறந்தது. அப்புறம்தான் நின்றது. நின்ற பிறகும் பாரத்தில் பாதிச் சுற்று போனது.

வெளியே எடுத்தபோது உயிர் இருந்தது. வலது கை, கை இருக்க வேண்டிய திசையில் இல்லை. முதுகுத் தோல் முளைகளில் உரிந்திருந்தது. கண்ணிலும் வாயிலும் சுண்ணாம்பு. குழாயை நேராக முகத்தில் பிடித்தார்கள், அவன் கத்தியது அப்போதுதான். மேஸ்திரி தன் துண்டை அவிழ்த்து அவன் கையைச் சுற்றிக் கட்டினார். தோல் ஏற்றும் வேனிலேயே போட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிழைத்தான், கையைத் தோளுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று வெகுநாள் கழித்துக் கேள்விப்பட்டேன்.

வேன் கேட்டைத் தாண்டியதும் மேஸ்திரி கண்ணாடி ரூமுக்கு வந்தார். என் சட்டையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்.

"நீதானடா ஓட்டுன."

"நான் இல்ல மேஸ்திரி. மெட்ராஸ்லேருந்து போட்டாங்க."

"மெட்ராஸ்லேருந்து எப்டிடா இங்க கை வரும்?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அவர் கேட்டது பதிலுக்காக இல்லை. முதல் அடி வாயில். பிறகு நான்கைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். கம்பூட்ஸால் விலாவில் உதைத்தார்கள். யார் உதைக்கிறார்கள் என்று பார்க்க முயன்றேன். முந்தின நாள் என்னோடு உட்கார்ந்து பிரியாணி தின்றவர்கள்தான். ஒருவன் போய் உடையாத பெட்டி ஒன்றைத் தட்டிப் பார்த்து, கடைசியாக ஓட்டியவன் பெயர் கலெக்டர் ரூம் பெயர்தான் என்று கத்தினான். எல்லாருக்கும் அதே பெயர்தான், உன் பெட்டியிலும் அதேதான் என்றேன். பொய் பேசுகிறான் என்று இன்னும் இரண்டு விழுந்தன. எனக்குக் கோபம் வரவில்லை. டிரம் சுற்றியது, உள்ளே ஆள் இருந்தான், அடிக்க ஒரு முதுகு வேண்டும். கையெட்டும் தூரத்தில் இருந்தது என் முதுகுதான்.

வாட்ச்மேன் வந்து விலக்கி, என்னை மேனேஜர் ரூமுக்கு இழுத்துப்போய் மூலையில் உட்கார வைத்தான். கதவுப் பக்கம் லத்தியோடு நின்றுகொண்டான்.

அங்கேதான் நான் கேட்டேன். மேனேஜர் போனை மேஜைமேல் வைத்து, சத்தமாகக் கேட்கும்படி போட்டிருந்தார். இன்ஜினியரின் குரல் வந்தது. நல்ல குரல், சாப்பிட்டுக்கொண்டே பேசுகிற மாதிரி. மூன்றாம் நம்பர் பதில் தரவில்லை, மற்றதில் பாதிதான் போயிருக்கிறது, ஐந்தாம் நம்பரில் போகவே இல்லை, அதனால் எல்லாவற்றுக்கும் இன்னொரு தடவை அனுப்பிவிடுகிறேன் என்றார். மேனேஜர் இங்கே ஒரு ஆக்சிடென்ட் என்று மட்டும் சொன்னார். எப்படி என்று சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. சரி, சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்றார்.

கண்ணாடி வழியாக ஷாப் தெரிந்தது. ஐந்தாவது டிரம் வாயில் இரண்டு கால்கள் உள்ளே போய்க்கொண்டிருந்தன. மேஸ்திரியின் கால்கள். அதிலும் தோல் பின்னிக் கிடந்தது; மதியத்துக்குள் எடுக்காவிட்டால் அந்தத் தோல் அத்தனையும் கூழாகிவிடும், இறங்க வேறு யாரும் தயாராக இல்லை. டிரம்மை ஓட்டியவனைத்தான் பிடித்து மேனேஜர் ரூமில் உட்கார வைத்தாகிவிட்டதே, இனி என்ன பயம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கைப்பிடியில் துண்டு இல்லை, அது வேலூர் போய்க்கொண்டிருந்தது.

"சார், அனுப்பவேணாம்னு சொல்லுங்க. அஞ்சுல ஆள் எறங்கிட்டாரு" என்றேன். வாய் கிழிந்திருந்ததால் சொல் குழறியது. மேனேஜர் சும்மா இரு என்று கையைக் காட்டினார். மறுபடி சொன்னேன். வாட்ச்மேன் லத்தியால் தோளில் தட்டினான்.

மேஜைமேல் தோல் மாதிரித் துண்டுகளும் அவற்றை வெட்டும் வளைந்த கத்தியும் இருந்தன. எழுந்து கத்தியை எடுத்தேன். தன்னைத்தான் குத்தப் போகிறேன் என்று மேனேஜர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தார். சுவரில் பச்சை விளக்குகள் மின்னும் பெட்டி ஒன்று உண்டு, எல்லா நெட்வொர்க் ஒயரும் அங்கேதான் வந்து சேரும். கையில் முதலில் கிடைத்த தடித்த கறுப்பு ஒயரை அறுத்தேன். அது கேமரா ஒயர். பக்கத்து டிவியில் ஷாப் படங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இருண்டன. அப்புறம் நீல ஒயர்களைக் கொத்தாகப் பிடித்து அறுத்தேன். வாட்ச்மேனின் லத்தி கண்ணில் விழுந்தது. அறுக்க மிஞ்சியதைக் கையால் பிடித்து இழுத்தேன், பெட்டியே சுவரைப் பெயர்த்துக்கொண்டு என்னோடு கீழே வந்தது. அது தரையில் கிடந்து மின்னியது. விளக்கு அணையும் வரை குதிகாலால் மிதித்தேன். ஒரு பூட்ஸ் அங்கேதான் கழன்றது.

ஐந்தாவது டிரம் சுற்றவில்லை. நான் அறுத்ததால் சுற்றவில்லையா, இன்ஜினியர் அதற்குள் அனுப்பவே இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சத்தம் கேட்டு மேஸ்திரி டிரம்மிலிருந்து இறங்கி வந்தார். இடுப்பு வரை சுண்ணாம்பு வழிந்தது. மேனேஜர் அவரிடம் கத்தியைக் காட்டினார், இருண்ட டிவியைக் காட்டினார். கேமராவை எதற்கு அறுத்தான் என்று நீயே கேள் என்றார்.

"மேஸ்திரி, நீங்க உள்ள இருந்தீங்க" என்றேன். "அதான் அறுத்தேன்."

அவர் கிளவுஸை உருவிக் கீழே எறிந்தார்.

"நான் உள்ள இருந்ததாலதான்டா கேமராவ அறுத்த" என்றார். "என் மச்சான் பத்தலையா உனக்கு?"

அதற்குப் பிறகு அவர் அடித்த அடிதான் விலாவை முறித்தது. நான் கையைத் தூக்கித் தடுக்கவும் இல்லை. அவர் முழுசாக இருந்தார், இரண்டு கையாலும் அடித்தார். அது போதும் என்று அந்த நேரத்தில் தோன்றியது. இதைப் பெருந்தன்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், எனக்குத் தெம்பு இல்லை.

போலீசைக் கூப்பிடலாமா என்று பேசினார்கள். மேனேஜர் வேண்டாம் என்றுவிட்டார். போலீஸ் வந்தால் டிரம்மை யார் ஓட்டியது என்று கேட்பார்கள், சென்னைக்குப் போன் போகும், முதலாளி வரை போகும். வாட்ச்மேன்கள் என்னைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டார்கள். என் பையைக் கொடுக்கவில்லை. கேட்டுக்கு எதிரில் வெயில் தாழும் வரை கிடந்தேன். பிறகு எழுந்து நடந்தேன்.

மாதனூர் தாண்டி ஒரு டீக்கடைக் குழாயில் முகம் கழுவினேன். பச்சைத் தோல் ஏற்றிய லாரி ஒன்று டீக்கு நின்றிருந்தது, ராணிப்பேட்டை போகிற வண்டி. டிரைவர் என் கண்ணைப் பார்த்து, "போலீஸ் கேஸா?" என்றார். கம்பெனியில் சண்டை என்றேன். "அப்ப ஏறு. போலீஸ் கேஸ்னாதான் நமக்கு பேஜார்" என்றார். பின்னால் உப்புத் தோல் மூட்டைகள் மேல் படுத்தேன். உப்பு காயங்களில் இறங்கியது. பாலாற்றுப் பக்கம் காற்று அடித்தபோது கொஞ்சம் தூங்கியும் விட்டேன்.

மறுநாள் காலை வாலாஜாபேட்டை ரோட்டில் ஒரு சின்ன ஷாப்பில் போய் நின்றேன். கூலிக்குத் தோல் பதனிடும் இடம், பழைய டிரம்கள், கறுத்த மரம். அங்கே இருந்த மேஸ்திரி வயதானவர். என்னை மேலும் கீழும் பார்த்து, அடி வாங்கினாயா அடித்தாயா என்று கேட்டார். வாங்கினேன் என்றேன். என்ன தெரியும் என்றார். லோடு தூக்குவேன், தோல் பிரிப்பேன் என்றேன். கம்ப்யூட்டர் என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை.

"டிரம்ல எறங்குவியா? பின்னிக்கினு கெடக்குது, காலைலேருந்து ஆள் இல்ல."

எறங்குவேன் என்றேன். சுவரில் இருந்த ஸ்விட்ச் பெட்டிக்குப் போனேன். டிரம்மிலிருந்து வரும் பைப்பைக் கையால் தடவிக்கொண்டே பெட்டி வரைக்கும், பெட்டியிலிருந்து மேலே மெயின் வரைக்கும் பார்த்தேன். நடுவில் வேறு எதுவும் இல்லை. மூடியைத் திறந்து மூன்று ஃப்யூஸ் கட்டைகளையும் பிடுங்கினேன். பீங்கான், கனமாக இருந்தன. பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

"அத இன்னாத்துக்குடா உள்ள எடுத்துனு போற? கீழ உழுந்தா ஒடஞ்சிடும்."

உடைந்தால் வாங்கித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, விலாவை ஒரு கையால் பிடித்தபடி டிரம் வாய்க்குள் காலை விட்டேன். உள்ளே தோல் முழங்கால் வரை கிடந்தது. முதல் தோலின் நுனியைத் தேடிப் பிடித்து இழுத்தேன்.